வேலைக்குப் போய் வீடு திரும்பும் கடல் நத்தை

பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் கிளை ரயில் பாதையில் ஒரு ஸ்டேஷனுக்குப் பெயர் கோரமண்டல். ‘சோழ மண்டலம்’ என்பதே வெள்ளைக்காரர் வாயில் ‘கோரமண்டல்’ ஆயிற்று என்பார்கள். பெயரிலே கடற்கரை இருக்கிறது. கடலோ பங்காரப்பேட்டையிலிருந்து ரயில் மார்க்கமாக ஏறக்குறைய 290 கிலோ மீட்டருக்கு அப்பால், சென்னையில் இருக்கிறது.

கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர்கள் கடலைப் பார்ப்பது பெரும்பாலும் யாத்திரை போகும்போதுதான். கன்னியாகுமரிக்குப் போனால் சூரிய உதயம் பார்ப்பார்கள். விவேகானந்தர் பாறைக்குப் படகில் போய் வருவார்கள். பிள்ளைகளுக்குச் சங்கும் பாசிமணியும் வாங்கிக்கொண்டு ரயில் ஏறுவார்கள். அலை மோதுகிற கரைப் பாறையிலே, கவிழ்த்து வைத்த சிறு கிண்ணி போல ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு ஜீவனை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?

கவனித்திருந்தால், தங்கவயல்காரர்களுக்கு அதை நிச்சயம் பிடித்துப் போயிருக்கும். அதுவும் பாறையைச் சுரண்டித்தான் பிழைக்கிறது. அதுவும் நாள் தவறாமல் வேலைக்குப் போய், வந்த வழியே தன் வீட்டுக்குத் திரும்புகிறது!

பெயர் வைத்தவர் சுரங்க நிபுணர்

ஆங்கிலத்தில் இதை ‘லிம்பெட்’ என்கிறார்கள். தமிழில் ‘பாறை ஒட்டு நத்தை’ என்று சொல்லிக்கொள்ளலாம். நத்தை இனந்தான், ஆனால் ஓடு மற்ற நத்தைகளைப் போலச் சுருண்டிராது. கூம்பாக, கூடாரம் அடித்தாற்போல் இருக்கும். ஓட்டுக்குக் கீழே வட்டமான, தசைப் பிடிப்புள்ள ஒரே கால். அந்தக் காலாலேயே நடக்கும். அந்தக் காலாலேயே பாறையைப் பிடித்துக்கொள்ளும்.

உலகக் கடல்களில் இதில் பல வகைகள் உண்டு. இந்தியக் கரையோரப் பாறைகளில் காணப்படும் முக்கியமான வகைக்குச் ‘செல்லானா ரேடியேட்டா’ என்று பெயர். ஓட்டின் உச்சியிலிருந்து விளிம்பு வரை, மாட்டு வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல மேடு மேடாகக் கோடுகள் ஓடும். ‘ரேடியேட்டா’ என்ற சொல்லுக்கே அதுதான் பொருள்.

இந்த நத்தைக்கு 1778-ஆம் ஆண்டில் விஞ்ஞானப் பெயர் சூட்டியவர் இக்னாஸ் வான் போர்ன் என்பவர். வியன்னா நகரில் ஆஸ்திரிய அரச குடும்பத்தின் சங்கு, சிப்பிச் சேகரிப்பைப் பட்டியல் எழுதி ஒழுங்குபடுத்தியவர் இவர். ஆனால் இவருடைய சொந்தத் தொழில் சிப்பி ஆராய்ச்சியல்ல. கனிப்பொருள்களையும் சுரங்கத்தையும் படித்த நிபுணர். தாதுவைப் பொடித்துப் பாதரசத்தோடு சேர்த்துத் தங்கத்தையும் வெள்ளியையும் பிரிக்கும் முறையை ஐரோப்பாவில் சீர்திருத்தியவர் என்று பெயர் பெற்றவர். தங்கவயலிலும் ஆரம்ப காலத்தில், கல்லை இடித்துத் தூளாக்கிப் பாதரசத் தகடுகளின் மேல் ஓடவிட்டுத்தான் தங்கம் எடுத்தார்கள். நம் கரை நத்தைக்கும் தங்கத்துக்கும் இப்படி ஒரு தூரத்து உறவு!

பாறையிலே ஒரு சொந்த வீடு

கடல் நாளெல்லாம் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. ஓதம் ஏறும், பிறகு இறங்கும். ஏறும்போது நனைந்து, இறங்கும்போது காய்கிற பாறைப் பகுதிதான் லிம்பெட்டின் ஊர். சென்னையை அடுத்த கரையில் இந்த ஏற்ற இறக்கம் பெரிதாக இருந்தால் ஒரு மீட்டர் அளவுதான். ஆகவே அந்த ஊர் ஓர் ஆள் உயரங்கூட இல்லாத ஒரு பட்டை. அதற்கு மேலே போனால் காய்ந்து சாகும். கீழே போனால் மீனும் நண்டும் விழுங்கிவிடும்.

அந்தப் பட்டையிலும், பல வகை லிம்பெட்டுகள் ஆளுக்கு ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. தன் ஓட்டின் விளிம்பு அளவே உள்ள ஓர் இடம். பாறை மிருதுவாக இருந்தால், ஓட்டின் விளிம்பு நாளடைவில் அதை அரைத்து வட்டமான பள்ளம் போட்டுவிடும். பாறை கடினமாக இருந்தாலோ, பாறையின் மேடு பள்ளத்துக்குத் தக்கபடி ஓட்டின் விளிம்பே வளர்ந்துகொள்ளும். எப்படியும் கடைசியில் பெட்டிக்கு மூடி போட்டாற்போல் இரண்டும் பொருந்திவிடும். நத்தையைக் காணோமென்றாலும், பாறையில் வட்டத் தழும்பு இருக்கும். விஞ்ஞானிகள் இதை ‘வீட்டுத் தழும்பு’ என்றே அழைக்கிறார்கள்.

இந்தப் பொருத்தம் வெறும் அழகுக்கல்ல, உயிருக்கே ஆதாரம். கடல் இறங்கிய பிறகு ஓட்டுக்குள்ளே கொஞ்சம் நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, அடுத்த ஓதம் வரை லிம்பெட் உயிர் வாழ வேண்டும். விளிம்பில் இடைவெளி இருந்தால் நீர் ஆவியாகிப் போய்விடும். நண்டு தன் கொடுக்கை நுழைத்துவிடும். வேறொரு பாறையில், எத்தனை நல்ல இடமானாலும், இந்த ஓடு இதே மாதிரி பொருந்தாது.

சரி, அசையாமல் அங்கேயே இருந்துவிட்டால் சாப்பாடு? பாறையின் மேல் கண்ணுக்குத் தெரியாத பாசிப் படலம் வளர்கிறது. அதுதான் லிம்பெட்டின் உணவு. அதைத் தேடி அரை மீட்டரோ, ஒரு மீட்டரோ புறப்பட்டுப் போக வேண்டும். ஓதம் ஏறியிருக்கும் நேரத்தில் சில போகும். கடல் இறங்கிய இரவில் சில போகும். வகைக்கு வகை, இடத்துக்கு இடம் ‘ஷிப்டு’ மாறும். வேலை முடிந்ததும் தன் தழும்புக்கே திரும்பி வந்து, முன்பு இருந்த அதே திசையில் திரும்பி, விளிம்பைப் பொருத்திக்கொண்டு அமர்ந்துவிடும்.

லிம்பெட் இடத்தை விட்டு இரை தேடப் போகிறது என்பதைக் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்.

வழி தெரிவது எப்படி?

லிம்பெட்டின் கண் வெளிச்சம், இருட்டு அறிவதற்கு மேல் பெரிதாக உதவாது. அப்படியிருக்க, கரடு முரடான பாறையில், அலைக்கு நடுவே, தன் வீட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

1894-இல் லாயிட் மார்கன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி லிம்பெட்டுகளை வீட்டிலிருந்து எடுத்துச் சற்றுத் தூரத்தில் விட்டுப் பார்த்தார். அருகில் விடப்பட்டவற்றில் பெரும்பாலானவை வீடு சேர்ந்தன. தூரம் கூடக் கூடத் திரும்புகிறவை குறைந்தன. பின்னால் வந்தவர்கள் ஓட்டின் மேல் ஓர் எண்ணையும், பாறையில் அதே எண்ணையும் பெயிண்டால் எழுதி, யார் யார் வீடு திரும்புகிறார்கள் என்று ஹாஜர் எடுத்தார்கள்!

ரகசியம் காலடியில்தான் இருந்தது. நத்தை போகும் வழியெல்லாம் பசை போன்ற ஒரு திரவத்தைப் பூசிக்கொண்டே போகிறது. திரும்பும்போது அந்தத் தடத்தை முகர்வதுபோல் உணர்ந்து பின்பற்றுகிறது. ரயிலுக்குத் தண்டவாளம் எப்படியோ அப்படி.

அதே பசை இன்னொரு காரியத்துக்கும் உதவுகிறது. லிம்பெட்டைக் கையால் பிடுங்க முயன்றவர்களுக்குத் தெரியும், அது அசையாது. எதிர்பாராமல் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால் சில சமயம் பெயர்ந்து வரும். ஆனால் தொடுவது தெரிந்துவிட்டதோ, இறுக்கிக்கொள்ளும். நீர் ஏறி நடமாடும் நேரத்தில் காலை உறிஞ்சு குழி போலாக்கிப் பற்றிக்கொள்கிறது. நீர் இறங்கி அசையாமல் இருக்கும் நேரத்தில் பசையால் ஒட்டிக்கொள்கிறது என்று 1990-களின் ஆரம்பத்தில் நடந்த ஆராய்ச்சி காட்டியது. கப்பலின் அடியில் ஒட்ட வைக்கும் வெடிகுண்டுக்கு ‘லிம்பெட் மைன்’ என்று பெயர் வந்தது இந்தப் பிடியால்தான். 1943 செப்டம்பரில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் இருந்த ஜப்பானியக் கப்பல்களை நேச நாட்டு வீரர்கள் இரவில் படகில் வந்து தகர்த்தது இந்த வகைக் குண்டைக் கொண்டே.

கூண்டுக் கம்பியை மிஞ்சும் பல்

பாறையில் படிந்த பாசியைச் சுரண்ட வேண்டுமானால் பல்லும் பாறையைத் தாங்க வேண்டும் அல்லவா? லிம்பெட்டின் வாயில் நாடா போன்ற ஒரு நாக்கு இருக்கிறது. ஐரோப்பாவின் சாதாரண லிம்பெட்டுக்கு இந்த நாடாவில் சுமார் 160 வரிசை. வரிசைக்கு 12 பல். ஒவ்வொரு பல்லும் ஒரு மில்லி மீட்டருக்கும் குறைவு. முன் வரிசை தேய்ந்து விழ விழ, பின்னாலிருந்து புது வரிசை நகர்ந்து வந்துகொண்டே இருக்கும். சுரங்கத்தில் துளை போடும் உளி மழுங்கினால் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். இங்கே பட்டறையே வாய்க்குள் இருக்கிறது!

இந்தப் பல்லின் பலத்தை இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக் கழகப் பேராசிரியர் ஆசா பார்பரும் அவருடைய குழுவினரும் அளந்து, 2015 பிப்ரவரியில் முடிவை வெளியிட்டார்கள். மனிதனின் தலைமயிரைவிட எத்தனையோ மடங்கு மெல்லிய துணுக்குகளாகப் பல்லைச் சீவி, இழுத்துப் பார்த்தார்கள். அறுவதற்கு முன் அவை தாங்கிய இழுவிசை 3 முதல் 6.5 கிகாபாஸ்கல். அதுவரை இயற்கைப் பொருள்களிலே பலமானது என்று பெயர் வாங்கியிருந்த சிலந்தி நூலை அது மிஞ்சிவிட்டது.

தங்கவயல்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால்: ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கிய கூண்டு தொங்கியது உருக்குக் கம்பி வடத்தில். அத்தகைய வடங்களுக்கான உருக்குக் கம்பியின் பலம் சாதாரணமாக 2 கிகாபாஸ்கல் அளவில்தான் இருக்கும். லிம்பெட் பல்லின் பொருளால் இரண்டு மில்லி மீட்டர் தடிமனில் ஒரு கம்பி செய்ய முடிந்தால், அது ஏறக்குறைய 1,500 கிலோ எடையைத் தாங்கும்!

அந்தப் பலத்துக்குக் காரணம் இரும்பு. கடல் நீரில் மிகமிகச் சொற்பமாக உள்ள இரும்பைச் சேர்த்து, ‘கோதைட்’ என்ற இரும்புக் கனியத்தை நுண்ணிய இழைகளாக்கி நத்தை தன் பல்லுக்குள் நெருக்கமாக அடுக்குகிறது. துருப்பிடித்த இரும்பில் காணும் மஞ்சள் கலந்த பழுப்புப் பொருளிலும் இதே கோதைட் உண்டு. நாம் துரு என்று தேய்த்து எறிவதை நத்தை ஆயுதமாக்கிக்கொண்டது. அந்த இழைகளின் அடுக்கைப் பார்த்துப் புதிய பொருள்கள் செய்ய முடியுமா என்று பொறியியல் வல்லுநர்கள் ஆராய்ந்து வருகிறார்கள்.

இங்கிலாந்தின் தென்கிழக்கே உள்ள சுண்ணாம்புப் பாறைக் கரையில், வளர்ந்த லிம்பெட் ஒன்று பாசியோடு சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 5 கிராம் பாறையைத் தின்று கழிக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒன்றுக்கு 5 கிராம் சொற்பந்தான். ஆயிரக் கணக்கில் கூடி, ஆண்டுக் கணக்கில் சுரண்டினால் கரையே தேய்கிறது.

வெயிலோடு போராட்டம்

சாம்பியன் ரீப் சுரங்கத்தின் அடிமட்டத்தில், மூன்று கிலோ மீட்டருக்கும் கீழே, பாறையின் சூடு 60 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் இருந்தது. அங்கே வேலை செய்தவர்களுக்கு, சுட்ட பாறையோடு வாழ்வது என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோடை நடுப்பகலில் கடல் இறங்கிவிட்டால் லிம்பெட்டுக்கும் அதே கதி. ஹாங்காங் கரையில் கோடையில் பாறை 50 டிகிரியைத் தாண்டுவதுண்டு. அங்குள்ள செல்லானா இனம் ஒன்று, சூடு பொறுக்க முடியாதபோது ஓட்டைக் குடை போலத் தூக்கிக் காற்று வாங்குகிறது. உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிச் சற்றுக் குளிர்ச்சி கிடைக்கும். ஆனால் நீர் தீர்ந்தால் உயிரும் தீர்ந்தது. சில கோடைகளில் அங்கே கூட்டங் கூட்டமாக மாண்டிருக்கின்றன.

இந்தியாவில் இந்த நத்தையை ஊன்றிக் கவனித்தவர்களில் முக்கியமானவர்கள் விசாகப்பட்டினத்து விஞ்ஞானிகள். வால்டேர் ஆந்திரப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த பாலபரமேஸ்வர ராவ், பேராசிரியர் பி. என். கணபதி ஆகியோர் செல்லானா ரேடியேட்டாவைப் பற்றி எழுதிய கட்டுரைகள் 1971-இல் சர்வதேச சஞ்சிகையில் வெளிவந்தன. பாறையில் எந்த உயரத்தில் வாழ்கிறதோ அதற்கும் ஓட்டின் அமைப்புக்கும் உள்ள உறவை அவர்கள் ஆராய்ந்தார்கள். பொதுவாகவே லிம்பெட்டுகளில், மேட்டுப் பகுதியில் காய்கிறவற்றுக்கு ஓடு உயரமாகவும், தாழ்ந்த பகுதியில் இருப்பவற்றுக்குத் தட்டையாகவும் அமைவதுண்டு. உயர்ந்த ஓட்டுக்குள் நீர் அதிகம் பிடிக்கும் அல்லவா?

காவலாளி செத்தால்

இத்தனை சிறிய நத்தை இருந்தால் என்ன, போனால் என்ன என்று கேட்கத் தோன்றும். அதற்கு 1967-இல் பதில் கிடைத்தது.

அந்த ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி ‘டாரி கேன்யன்’ என்ற எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் கார்ன்வால் கரைக்கு அப்பால் பாறையில் மோதி உடைந்தது. அதில் சுமார் 1,20,000 டன் கச்சா எண்ணெய் இருந்தது. கரையில் ஒதுங்கிய எண்ணெயைக் கழுவுவதற்குச் சுமார் 10,000 டன் ரசாயனக் கரைப்பானைக் கொட்டினார்கள். எண்ணெயைவிட அந்தக் கரைப்பான்தான் எமனாயிற்று. கரைப்பான் தெளித்த பாறைகளில் லிம்பெட்டுகள் ஏறக்குறைய அடியோடு மாண்டன.

பிறகு நடந்தது விசித்திரம். மேய ஆளில்லாத பாறையெல்லாம் முதலில் பச்சைப் பாசி படர்ந்தது. அடுத்து, பழுப்பு நிறக் கடற்பாசி காடு போல் மூடியது. அந்த ஈர நிழலிலே புதிய லிம்பெட் குஞ்சுகள் எக்கச்சக்கமாகப் பிழைத்து வளர்ந்தன. வளர்ந்ததும் அத்தனை பாசியையும் தின்று தீர்த்தன. தீர்ந்த பிறகு? வீடு விட்டுப் போகாத பிராணி என்று பெயர் எடுத்த லிம்பெட்டுகள், தழும்பையும் தடத்தையும் கைவிட்டு, வரிசை வரிசையாகப் பாறைமேல் இரை தேடிப் புறப்பட்டன. பட்டினியில் ஏராளமானவை இறந்தன. அந்தக் கரை பழைய நிலைக்கு வர, இடத்துக்குத் தக்கபடி 10 ஆண்டுகளும், அதற்கு மேலும் ஆயின.

புல்லோடு போன நத்தை

இடம் பெயர முடிந்தவை கொஞ்சமாவது பிழைத்தன. இடம் பெயரவே முடியாத ஒன்றும் இருந்தது.

வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில், லாப்ரடார் தொடங்கி நியூயார்க் வரை, ‘லாட்டியா ஆல்வியஸ்’ என்ற சின்ன லிம்பெட் வாழ்ந்தது. அதற்கு வீடு பாறையல்ல. கடலுக்கடியில் வளரும் ஒரு வகைப் புல்லின் இலை. இலையின் அகலத்துக்குத் தக்கபடி ஓடும் ஒடுக்கமாக இருந்தது. அந்தப் புல்லைத் தவிர வேறெதுவும் அதற்கு உணவில்லை. 1930-களின் தொடக்கத்தில் அட்லாண்டிக் கடலின் இரு கரையிலும் அந்தப் புல்லுக்கு ஒரு நோய் கண்டது. புல்வெளிகள் மைல் கணக்கில் அழிந்தன.

புல் முழுதும் அழியவில்லை. உப்புக் குறைந்த கழிமுகங்களில் தப்பிப் பிழைத்து, பின்னால் மீண்டும் கடலில் பரவியது. ஆனால் அந்த நத்தைக்கு உப்புக் குறைந்த நீர் ஒத்துக்கொள்ளாது. புல் தப்பிய இடத்தில் நத்தையால் வாழ முடியவில்லை. நத்தை வாழக்கூடிய இடத்தில் புல் இல்லை. 1929-க்குப் பிறகு அது உயிரோடு யார் கையிலும் கிடைக்கவில்லை. அது அற்றுப்போய்விட்டது என்பதை 1991-இல்தான் ஜேம்ஸ் கார்ல்டன் முதலிய விஞ்ஞானிகள் பழைய சேகரிப்புகளைப் புரட்டி நிரூபித்தார்கள். அறுபது ஆண்டுகளாக அது போனதையே உலகம் கவனிக்கவில்லை! வரலாற்றுக் காலத்தில் ஒரு பெருங்கடற் பரப்பிலிருந்தே அற்றுப்போனதாகப் பதிவான முதல் முதுகெலும்பில்லாத கடற்பிராணி அதுவே.

ஒரே புல்லை நம்பி வாழ்ந்த நத்தையின் கதை, ஒரே தாதுவை நம்பி எழும்பிய ஊருக்குப் புதிதல்ல. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்து வேலை தொடங்கியது முதல், 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டது வரை, தங்கவயல் முழுவதும் அந்த ஒரு பாறையைப் பற்றிக்கொண்டிருந்தது. தங்கம் போனதும் ஊர் போய்விடும் என்று சொன்னவர்கள் உண்டு. ஊர் போகவில்லை. விடியும் முன்பே மாரிக்குப்பத்திலும் சாம்பியனிலும் ஊர்காமிலும் ரயில் ஏறி, ஏறக்குறைய 100 கிலோ மீட்டர் தள்ளி பெங்களூரில் வேலை பார்த்து, இரவு அதே தண்டவாளத்தில் தங்கள் லைன் வீட்டுக்கே திரும்பும் ஆயிரக் கணக்கானவர்கள் அதற்குச் சாட்சி. லிம்பெட்டுக்கு அரை மீட்டர். இவர்களுக்கு 100 கிலோ மீட்டர். போகிற தூரம் நீண்டதே தவிர வீடு மாறவில்லை.

அடுத்த முறை கன்னியாகுமரிக்குப் போகிறவர்கள், வழுக்காத இடமாகப் பார்த்துக் கரைப் பாறையைக் கொஞ்சம் குனிந்து பார்க்கட்டும். கூம்பு ஓடுகள் ஒட்டியிருக்கக் காணலாம். அதிர்ஷ்டம் இருந்தால், காலியான ஒரு வட்டத் தழும்பும் கண்ணில் படலாம். அதன் சொந்தக்காரர் வேலைக்குப் போயிருப்பார். பிள்ளைகள் ஆசைப்பட்டாலும் ஓட்டைக் கல்லால் தட்டிப் பெயர்க்க விடக்கூடாது. பெயர்த்த நத்தையை வேறெந்தப் பாறையில் கொண்டுபோய் வைத்தாலும் அதன் விளிம்பு பொருந்தாது. உலகத்தில் அது பொருந்துகிற இடம் ஒன்றே ஒன்றுதான்.